பாசம் பாதி, கணக்கு மீதி: ஊரடங்கில் எங்கள் தெரு

கொரோனா ஊரடங்கைப் பற்றி யார் எழுதினாலும், அப்போதுதான் அக்கம்பக்கத்தாரின் அருமை தெரிந்தது, தெருவே ஒரு குடும்பமாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. 2020 மார்ச்சுக்கு முன்னால் பேசிக்கொள்ளாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அந்த இரண்டு வீட்டுக்கும் பாக்கெட் பால் ஒரே கையில்தான் வந்தது, ஒரு வீட்டுப் பெரியவருக்கான பிரஷர் மாத்திரையை இன்னொரு வீட்டுப் பையன்தான் போய் வாங்கி வந்தான். திடீரென்று பாசம் பொங்கியதால் அல்ல, ஒரு ஏற்பாடு இருந்தது, அவ்வளவுதான். அந்த ஏற்பாடு எப்படி வந்தது, எங்கே இடித்தது என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும். புயல், வெள்ளம் என்று வீட்டை விட்டு நகர முடியாத நாட்கள் சென்னைக்குப் புதிதா என்ன.

மார்ச் 22, மக்கள் ஊரடங்கு அன்று சாயங்காலம் 5 மணிக்குத் தட்டும் கரண்டியுமாக எல்லாரும் மொட்டை மாடியில் நின்றபோது விடுமுறை நாள் மாதிரிதான் இருந்தது. 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது, அன்று ராத்திரியே பிரதமர் நாடு முழுக்க 21 நாள் என்று அறிவித்தார், அப்புறம்தான் முகங்கள் மாறின. எங்கள் பக்கத்தில் முதலில் உறைத்தது ரயில் சத்தம் இல்லாததுதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை, "அரக்கோணம் வண்டி போயிடுச்சு, பையனை எழுப்பு" என்றுதான் காலை ஓடும். வண்டிகள் நின்றதும் காலை பத்துக்கும் மத்தியானம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது, பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம், தூங்குகிற நேரம் எல்லாம் குழம்பிப்போனது.

எல்லாரும் அரிசி, பருப்பைப் பற்றிக் கவலைப்பட்டோம். முதலில் தீர்ந்தது தண்ணீர். பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் மொத்தமாக வீட்டில், அதோடு மணிக்கொரு தரம் கை கழுவல், கடைக்குப் போய் வந்த துணியை உடனே அலசல். எங்கள் கட்டடத்தில் மேல்தொட்டி காலை பத்து மணிக்கே காலியானது. மோட்டார் சுவிட்ச் இருக்கும் அறைச் சாவி தரைத்தளத்து ரிடையர்டு சாரிடம், அவர் தூங்கினால் யாருக்கும் தண்ணீர் இல்லை. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் வாஷிங் மெஷினை வைத்து ஒரு பெரிய சண்டை. அது ஓய்ந்தபிறகு ஒரு தாளில் எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டினார்கள்: மோட்டார் காலை ஐந்தரைக்கும் மாலை நான்குக்கும், துணி துவைப்பது மாடிக்கு ஒரு நாள், சாவி இரண்டு வீட்டில். இத்தனை சாதாரணமான விஷயத்துக்கு ஏன் அவ்வளவு கத்தினோம் என்று பிறகு தோன்றும், ஆனால் எழுதி ஒட்டுகிற வரை அது சாதாரணமாக இல்லை. பொதுவாக இருப்பது எதுவோ, தண்ணீர், லிப்ட், மொட்டை மாடி, குப்பை, அதைத்தான் முதலில் பேசி முடிக்க வேண்டும். அவரவர் சமையலறையை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது கடை. வீட்டுக்கு ஒருவர் கிளம்பினால் மளிகைக் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டத்துக்கு வெளியேதான் கூட்டம். அதனால் எங்கள் கட்டடத்துக்கும் எதிர் வரிசை வீடுகளுக்கும் சேர்த்து ஒரு நீள நோட்டு போட்டோம். வீட்டுக்கு ஒரு பக்கம். தேதி, என்ன வேண்டும், எவ்வளவு, கொடுத்த பணம், ஆன செலவு, மீதி. கடைக்குப் போகிறவர்கள் முறை வைத்து இருவர். முதல் வாரத்தில் நோட்டு நன்றாக ஓடவில்லை, காரணம் பட்டியல் எழுதுகிற விதம். 'நல்ல கத்திரிக்காய்' என்று ஒருவர் எழுதியிருப்பார், நல்லது என்றால் எது என்று வாங்கப் போனவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் ஒரு விதி வந்தது: அளவு எழுது, கேட்டது கடையில் இல்லையென்றால் பதிலுக்கு என்ன என்பதையும் பக்கத்திலேயே எழுது, பதிலுக்கு எதுவும் வேண்டாமென்றால் ஒரு கோடு போடு. வந்த காயைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, சொன்னால் அடுத்த முறை நீங்கள் போக வேண்டும். இந்தக் கடைசி விதிதான் நோட்டைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

ஆனால் இதையெல்லாம் விட நான் அழுத்திச் சொல்ல நினைப்பது பணத்தைப் பற்றி. எதிர் வரிசையில் ஓர் ஆயா தனியாக இருக்கிறார், மகன் வெளிமாநிலத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் அரை லிட்டர் பால் வாங்கிக் கொடுப்பான். ஆயா காசை நீட்டினால் "இருக்கட்டும் ஆயா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். நல்ல பையன், நல்ல மனசு. சில நாளில் ஆயா பால் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். வயிறு சரியில்லை என்றார், டீ பிடிக்கவில்லை என்றார். ஒரு நாள் நான் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்த டம்ளரில் பார்த்தேன், வெறும் கருப்பட்டிக் காபி, பக்கத்தில் நாலைந்து பத்து ரூபாய்த் தாள்கள் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைத்திருந்தது. விசாரித்தபோது மெதுவாகச் சொன்னார்: "தெனமும் சும்மா வாங்கிக் குடிச்சா, நாளைக்கு ஒடம்புக்கு முடியலன்னா எந்த மூஞ்சிய வச்சுக் கூப்புடறது?"

அன்றைக்கே ஆயாவுக்கும் நோட்டில் ஒரு பக்கம் போட்டோம். காசு வாங்கு, பில்லைக் கொடு, மீதியைச் சில்லறை சுத்தமாக அன்றே திருப்பு. ஆயா மறுபடி பால் கேட்டார், பிறகு முருங்கைக்கீரை கேட்டார், அப்புறம் தைரியமாக வெற்றிலை பாக்கே கேட்டார். உதவி செய்கிறவருக்குக் காசு வாங்காதது பெருந்தன்மை, பெற்றுக்கொள்கிறவருக்கு அது கடன். கணக்கு சரியாக இருந்தால்தான் ஒருவர் மறுநாளும் கூச்சப்படாமல் கேட்பார். நிஜமாகவே காசு இல்லாத வீடுகளும் இருந்தன, அங்கே வேறு மாதிரி செய்தோம். ரேஷன் அட்டைக்கு அரசு 1000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தபோது எங்கள் தெருவில் சிலர் தங்களுக்கு வந்த அரிசியைப் பெயர் எழுதாமல் அயர்ன் வண்டிக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அதை நோட்டில் ஏற்றவில்லை. கடனாகக் கொடுப்பதையும் சும்மா கொடுப்பதையும் ஒரே நோட்டில் எழுதினால் இரண்டும் கெட்டுவிடும்.

ஏப்ரல் கடைசியில் சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்றார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை, 25-ஆம் தேதி, ஊரே கடைகளில் நின்றது. இடைவெளியாவது ஒன்றாவது, ஒருவர் தோளில் ஒருவர். எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர்தான் போனார்கள், நோட்டுப் பட்டியலை முந்தின ராத்திரியே வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டதால் அவர் மூட்டையாகவே கட்டி வைத்திருந்தார். கொஞ்ச நாளில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல ஊருக்கும் பரவியது தெரியவந்து, மே 5-ஆம் தேதி சந்தையை மூடி, நகருக்கு வெளியே இருக்கும் திருமழிசைக்கு மாற்றினார்கள். நம் தெருவுக்கு வரும் காய்வண்டி அண்ணன் அதுவரை விடிகாலை கோயம்பேடு போய்விட்டு ஏழு மணிக்கெல்லாம் தெருவில் குரல் கொடுத்துவிடுவார். திருமழிசை என்றானபின் பத்து மணி, பதினொரு மணி. விலை ஏறியதற்கு அவரிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. அவர் கோபப்படவில்லை, "ஆட்டோ வாடகைய நீ குடுக்கா, காய நான் பழைய விலைக்கே தரேன்" என்றார். அதற்குப் பதில் யாரிடமும் இல்லை.

மாடி வீடுகளிலிருந்து அவரிடம் வாங்கியது கயிற்றுக் கூடையில்தான். நைலான் கயிறு, பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் ஒரு சின்ன டப்பாவில் சோப்புத் தண்ணீர், சில்லறையை அதில் போட வேண்டும். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும், நாலு மாடியிலிருந்தும் கூடைகள் தொங்கும், எது யாருடையது என்று காய் அண்ணன் நிமிர்ந்து நிமிர்ந்து கத்துவார். காய்களை சோப்புப் போட்டுக் கழுவியவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள். அது தேவையே இல்லை, சோப்பு வயிற்றுக்குள் போனால்தான் கெடுதல், ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசினால் போதும். பையையும் பாக்கெட்டையும் துடைப்பதில் காட்டிய அக்கறையில் பாதியை ஜன்னலைத் திறந்து வைப்பதில் காட்டியிருக்கலாம். நோய் முக்கியமாகக் காற்று வழியாகப் பரவுகிறது என்பது எல்லாருக்கும் புரிய வெகுநாள் ஆனது.

மாத்திரை விஷயத்தில் ஒரு நல்ல பழக்கம் வந்தது. முதலில் எல்லாரும் காலி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அந்தக் கம்பெனி மாத்திரை கடையில் இல்லை என்று பதில் வரும், பெரியவர்கள் பதறுவார்கள். மருந்துக்கடை அக்காதான் சொல்லிக்கொடுத்தார்: கம்பெனிப் பெயர் முக்கியமில்லை, அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் முக்கியம், மெட்ஃபார்மின் 500 என்றால் அது யார் தயாரித்தாலும் மெட்ஃபார்மின் 500. சில மருந்துகளில் மாத்துவதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும், வலிப்பு, தைராய்டு மாதிரி. வீட்டுக்கு ஒரு தாளில் யாருக்கு என்ன மருந்து, எந்த வேளை, எந்த டாக்டர், எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். பத்து நாளுக்குக் குறைந்தால் வாங்கிவிட வேண்டும். இந்த வாங்கி வரும் வேலையை எடுத்துக்கொண்டவன் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். பரீட்சை மார்ச் 27-இலிருந்து தள்ளிப்போய், ஜூன் 1 என்று ஆகி, பிறகு ஜூன் 15 என்று ஆகி, ஜூன் 9-ஆம் தேதி ரத்தே ஆனது. அதுவரை ஒவ்வொரு தேதிக்கும் ஒரு முறை அவன் சமூக அறிவியலை முதலிலிருந்து படித்தான், பாவம். மருந்துக்கடைக்கு நடந்து போய் வருவது ஒன்றுதான் அவனுக்குக் காற்று வாங்க ஒரு வழி.

ஜூனில் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. ஒரு வீட்டில் பாசிட்டிவ் என்றார்கள். மத்தியானத்துக்குள் தெருமுனையில் சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் அடித்தாயிற்று, பிளீச்சிங் பவுடர் நெடி வீட்டுக்குள் வரை வந்தது. அதுவரை கூடை கூடையாக உதவிக்கொண்ட தெரு அன்று சாயங்காலமே மாறிப்போனது. அந்த வீட்டுப் பக்கம் இருந்த ஜன்னல்கள் எல்லாம் மூடின. ஒருவர் அவர்கள் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துவிடலாமா என்றுகூடக் கேட்டார். இதனால்தான் குடும்பம், பாசம் என்று யாராவது பேசினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பயம் வந்தால் பாசம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும், முறை வைத்த வேலை அப்படி நிற்காது. அந்த வாரம் கடைக்குப் போகும் முறை எங்கள் வீட்டுக்காரருடையது, நோட்டில் அவர்கள் பட்டியலும் இருந்தது, வாங்கி வந்தார். அவர்கள் கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பையை அதில் வைத்து, போனில் கூப்பிட்டுவிட்டுத் தள்ளி வந்துவிடுவது. பணம் ஜிபேயில். குப்பையை மாநகராட்சி ஆட்கள் தனியாக எடுத்துப் போனார்கள். அந்த வீட்டு அக்கா பிறகு சொன்னது, சாமானைவிட அந்த போன்தான் பெரிசு, "சாப்பிட்டீங்களா, காய்ச்சல் எவ்வளவு" என்று ஒருவராவது கேட்டதுதான்.

தினமும் வீடு வீடாக வந்து காய்ச்சல், சளி, இருமல் உண்டா என்று கேட்கும் மாநகராட்சித் தன்னார்வலர் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மத்தியான வெயிலில், தலையில் தொப்பி, கையில் நோட்டு, வெப்பம் பார்க்கும் கருவி. கேள்வியை முடிப்பதற்குள்ளேயே "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள், உள்ளே யாரோ லொக்கு லொக்கென்று இருமுவது வாசல் வரை கேட்கும். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு, திரும்பி வரும்போது அதே கதவைத் தட்டுவாள். தகரம் அடிப்பார்கள் என்கிற பயத்தில்தான் மறைத்தார்கள், அது புரிகிறது. ஆனால் மறைத்த வீட்டில் இருந்த தாத்தாவை நாலு நாள் கழித்து ராத்திரியில் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது. முதல் நாளே காய்ச்சல் முகாமுக்குப் போயிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்று அந்த வீட்டிலேயே பிறகு பேசிக்கொண்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை, எல்லார் தெருவிலும் அதே கதைதான். நாளையிலிருந்து பாலும் கிடையாது என்று ஒரு குரல் பதிவு வந்து, பால் பூத்தில் ஒரே தள்ளுமுள்ளு. பிறகு இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் தேவையும் பதிலும் மட்டும், இன்னொன்றில் கஷாயம், ஜோசியம், அரசியல் எது வேண்டுமானாலும். கடை மூடுகிறது என்று போடுகிறவர் அந்தக் கடைக்கே போன் செய்து கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று ஒரு விதி. செய்திகள் பாதியாகக் குறைந்தன.

வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் சம்பளத்தில் எங்கள் தெரு நன்றாக நடந்துகொள்ளவில்லை என்றுதான் சொல்வேன். சிலர் முழுச் சம்பளம் கொடுத்தார்கள், சிலர் பாதி, சிலர் வராத நாளுக்கு எதற்கு என்றார்கள். ஒரே அக்கா மூன்று வீட்டில் வேலை செய்தால் மூன்று விதமான பதில். மார்ச்சிலேயே எல்லாரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தால் அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்க வேண்டியிருந்திருக்காது. இது நோட்டில் வராமலே போய்விட்டது.

ஜூன் 19-இலிருந்து சென்னையில் மறுபடி கெடுபிடி, வண்டி எடுக்கக் கூடாது, இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்து போய் வாங்கு, கடைகள் மதியம் 2 மணி வரைதான், ஞாயிறு முழுக்க மூடல் என்றபோது எங்களுக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2021 மே 24-இல் மளிகைக் கடைகளையே மூடி, தள்ளுவண்டியிலும் வேனிலும் காய்கறி வந்தபோதும் அப்படித்தான். அந்த முறை நோய் பொல்லாததாக இருந்தது, நோட்டில் காய்கறிக்குப் பதிலாக ஆக்சிஜன் அளவு ஏறியது. தெருவுக்கு ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி, வீடு வீடாக, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கைமாற்றினோம். அதைப் பார்ப்பதில் சில நுணுக்கம் உண்டு: ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பார்க்க வேண்டும், விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில், எண் ஆடாமல் நிற்கும் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே என்றால் விவாதம் கிடையாது, டாக்டர், இல்லையென்றால் 108.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது இந்த ஏற்பாட்டின் ஓட்டை ஒன்று தெரிந்தது. எல்லா எண்களும் போனில் இருந்தன, போனில் சார்ஜ் இல்லை, சார்ஜ் இருந்தவர்களுக்கு டவர் இல்லை. இப்போது மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, மழை படாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு. எந்த வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர், எந்த வீட்டில் ஃப்ரிட்ஜில் வைக்கும் இன்சுலின், யாரிடம் கார், யாரிடம் இன்வெர்ட்டர், மோட்டார் சாவி எங்கே, பால்காரர், பிளம்பர், காய் அண்ணன், அயர்ன் வண்டிக்காரர் எண்கள், மாநகராட்சிக்கு 1913. வாடகைக்கு இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சமயத்தில், பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதிவிடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் சிலர் மருந்து விவரம் எல்லாம் எதற்கு என்று தயங்குகிறார்கள். வற்புறுத்துவதில்லை, பெயரும் எண்ணும் மட்டும் போதும் என்று எழுதிக்கொள்கிறோம்.